எட்டு எண்ணும் வரை

இதனால் திண்டிவனம் மகாஜனங்களுக்கும், இப்போது எந்த ஊரில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாத உனக்கும் அறிவிப்பது என்னவென்றால்: சென்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மேலுதட்டில் மீசை உதயமாயிற்று. மொத்தம் பதினோரு மயிர். வலப்பக்கம் ஏழு, இடப்பக்கம் நான்கு. யாரும் தந்தி அடித்து வாழ்த்த வேண்டாம். நேரில் வந்து பார்த்தால் போதும். கொஞ்சம் கிட்டத்தில் வந்து பார்க்க வேண்டும்.

யாருக்கு முதலில் மீசை வரும் என்று பந்தயம் கட்டியவன் நீ. அதனால் முதல் தகவல் உனக்கு. எதிராளி ஆட்டத்துக்கு வராமல் ஜெயிப்பதில் ஒரு ருசியும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மீசையை நான் கண்டுபிடித்த இடம் எங்கள் வீட்டுக் கண்ணாடி இல்லை. நம் ஊர் வாசகசாலையில் ஒரு சுவர் முழுக்கப் போட்டோ மாட்டியிருக்கிறார்கள். கடைத்தெரு அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று ஜோடி ஜோடியாக, கண்ணாடிச் சட்டம் போட்டு. அன்றைய தெரு ஒன்றைக் குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, மீசை தெரிந்தது, மீசைக்குப் பின்னால் நீ நின்றுகொண்டிருந்தாய். நிலக்கடலை மூட்டை அடுக்கும் மல்லாட்டை மண்டி வாசலில், நான்காவது தூணுக்குப் பக்கத்தில், அரை டிராயரோடு, எல்லாப் பல்லும் தெரிய.

மூன்று வருஷத்துக்கு அப்புறம் உன்னைப் பார்க்கிறேன். என் மீசை உன் மொழுமொழு உதட்டின்மேல் விழுந்து உனக்கும் மீசை முளைத்த மாதிரி இருந்தது. கொஞ்சம் நகர்ந்தேன். மீசை போய்விட்டது. நீ போகவில்லை.

பக்கத்துப் படத்தில் அதே இடம் இப்போது இருக்கிற மாதிரி. மரத்தூண் ஒன்றுகூட இல்லை. ஓட்டுச் சார்ப்பு இல்லை. மூக்கை அறுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசிய மாதிரி வரிசையாக மொட்டைச் சுவர்கள். சேந்து கிணற்றை மூடி அதன் தலைமேல் விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள். தண்ணீர் இருந்த இடத்தில் வெளிச்சம். உங்கள் வீட்டு வாசல் இருந்த இடத்தில் ஒரு சைக்கிள் கடை. பழைய படத்தில் உன் பக்கத்தில் நான் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் புகை.

"டேய், நடுவுல நின்னேன், தூணாட்டம் நின்னேன்னு மூணு வருசமா அளந்துக்கினு இருந்தியே, எங்கடா நீ?" என்று பள்ளிக்கூடத்துக் கூட்டம் பிடித்துக்கொண்டது.

"போட்டோ பிளேட்டுக் கோளாறு" என்றேன். தமிழ் வாத்தியார் போட்டோவை நிழற்படம் என்கிறார். எனக்கு நிழல் வந்திருக்கிறது, படம் வரவில்லை, அவ்வளவுதான் என்று சமாளித்தேன். நான் எவ்வளவு அசையாமல் நின்றேன் என்பதற்கு நீதான் ஒரே சாட்சி. சாட்சியைக் கூப்பிட முடியாது என்கிற தைரியம் எனக்கு.

அன்றைக்கு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். தை மாதக் கடைசி. பட்டாளத்து லாரிகள் திரும்ப இடம் போதவில்லை என்று கடைத்தெருவின் தூண்களையும் சார்ப்புகளையும் இடிக்க நாள் குறித்துவிட்டார்கள். இடிப்பதற்கு முன்னால் தெருவைப் படம் எடுத்து வைக்க விழுப்புரத்திலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்தார். மூன்று கால் தாங்கி, பெரிய மரப்பெட்டி, கறுப்புத் துணி. விடிந்து வெயில் ஏறாத நேரம். பெட்டியும் பழசு, யுத்தத்தில் கிடைத்த கண்ணாடி பிளேட்டும் பழசு. மூடியைக் கழற்றி எட்டு எண்ண வேண்டும் என்றார். அதுவரை அசையாமல் யாராவது தூண் பக்கத்தில் நின்றால்தான் தூணின் உயரம் தெரியும் என்றார்.

தெரு காலி. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். உன் அம்மாவும்தான். நீ கொல்லைப்புறமாக வந்தாய். நான்தான் வரவழைத்தேன்.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடும்டா" என்றாய்.

"எட்டு எண்றதுக்குள்ள இன்னாடா பெரிசா கொறைஞ்சிடும்? எட்டு செகண்டு கொறையும். கணக்குப் பரீட்சையில நமக்கு அதவிட அதிகமா கொறையுது" என்றேன். போட்டோக்காரரையும் விடவில்லை. "ஏங்க, படம் புடிச்சா தூணுக்கு ஆயுசு கொறையாதா?"

"தூணுக்குத்தான் ஏற்கெனவே நாள் குறிச்சாச்சே தம்பி. ஜல்தியா போயி நில்லுங்க" என்றார். நின்றோம்.

படத்தை அவர் விழுப்புரத்துக்கு எடுத்துப் போய்விட்டார். நாம் பார்க்கவே இல்லை. பங்குனியில் உனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. இருபது நாள். அதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்த இருபதாம் நாள் உன் அம்மா என் சட்டையைப் பிடித்தாள். "எம்புள்ளைய இசுத்துக்கினு போயி அந்தப் பொட்டி முன்னால நிக்க வெச்சியேடா! ஒனக்கு இன்னாடா பண்ணான் அவன்?" என்று கேட்டாள். பிறகு வீட்டு வாசலை இடித்தார்கள். அவள் விழுப்புரத்தில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. பகலெல்லாம் ஊரைச் சிரிக்க வைத்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் உங்கள் வாசல் இருந்த இடத்தைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன்.

உன்னைப் பிடித்த படம் உலகத்தில் அது ஒன்றுதான். அதை அவளிடம் கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்துக்கு ரயிலேறினேன்.

போட்டோக்காரர் பழைய பிளேட்டைத் தேடி எடுத்து ஒரு படம் போட்டுக் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இந்தப் பக்கம் புகையாட்டம் இருக்குதே, மாடு எதனா குறுக்க பூந்துச்சா?" என்றார்.

"ஆமாங்க, மாடுதாங்க" என்றேன்.

உன் மாமா வீடு ரயில்வே லயனுக்குப் பின்னால். உன் அம்மா வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு மறுபடியும் உரிக்க ஆரம்பித்தாள். "அத்தே" என்று காகிதத்தைப் பிரித்துப் படத்தை முறத்தின்மேல் வைத்தேன். திட்டட்டும், சட்டையைப் பிடிக்கட்டும், படத்தை மட்டும் கிழிக்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"டிராயருக்கு ரெண்டு பட்டனும் இல்ல பாரு. தெச்சிக் குடுன்னுதான் அன்னிக்குப் பூரா நச்சரிச்சான்."

உன் முகத்தின்மேல் விரலை வைத்தாள்.

"எதப் பாத்துடா இப்பிடி சிரிக்கிறான்?"

"நான் ஒரு ஜோக்கு சொன்னேன் அத்தே."

"இன்னா ஜோக்கு? சொல்லு. நானும் சிரிச்சி மூணு வருசம் ஆவுது."

உனக்குத் தெரியும், என் பையில் எப்போதும் ஒரு டஜன் இருக்கும். அந்த நேரத்தில் ஒன்றுகூட இல்லை. அவள் படத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கு வாய் கோணிக்கொண்டது.

"ஜோக்கு ஒண்ணும் இல்ல அத்தே. நான் ஓடிட்டேன்."

சொல்லிவிட்டேன். போட்டோக்காரர் "ஒண்ணு" என்றபோது நின்றேன். "ரெண்டு" என்றபோது அந்தப் பெட்டியின் ஒற்றைக்கண் என்னையே பார்த்தது. ஆயுசு குறையும் என்பதை நம்பவில்லை என்று ஊரெல்லாம் சொன்னவன் அந்த நிமிஷத்தில் நம்பிவிட்டேன். போட்டோக்காரரின் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. உன்னை அங்கேயே விட்டுவிட்டு, என் ஆயுசை மட்டும் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்ற மல்லாட்டை வண்டிக்கு அடியில் போய்ப் பதுங்கினேன். பதுங்கிய இடம் மாட்டின் வாலடியில். "அஞ்சு" என்கிற நேரத்தில் மாடு வாலைத் தூக்கியது. மீதியை நீ நேருக்கு நேர் பார்த்தாய். பார்த்தும் ஓர் அங்குலம் அசையாமல், "எட்டு" என்று முடியும் வரை, அந்தச் சிரிப்போடு நின்றாய். நான் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, "வேர்த்துடுச்சிங்க" என்றேன். நீ யாரிடமும் சொல்லவில்லை. நான் தூணாட்டம் நின்றதாகப் பள்ளிக்கூடத்தில் அளந்தபோதுகூடத் தலையை ஆட்டினாய்.

உன் அம்மா படத்தின்மேல் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் சத்தம் வந்தது. உன் சிரிப்பேதான், மூக்கால் ஆரம்பித்து வயிற்றில் போய் முடியுமே, அது. முறத்திலிருந்த மல்லாட்டை எல்லாம் சிதறியது.

"பயந்தாங்கொள்ளி! மாட்டு மூத்தரத்துல குளிச்சிட்டு வந்தியா நீ!"

"அத்தே, அவன வுட்டுட்டு..."

"சும்மா இருடா. காய்ச்சல் வந்து போனான். பொட்டியா இட்டுக்கினு போச்சி? வவுத்தெரிச்சல்ல இன்னாத்தையோ சொல்லிட்டேன், அதக் கட்டிக்கினு அழுவுறியா இத்தினி நாளா? இந்தப் பொட்டி இல்லன்னா எம்புள்ள மூஞ்சி எனக்கு ஏது?"

அந்த இடத்தில் எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது என்பதை உனக்கு எப்படி எழுதுவது? சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. வரும்போது தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை ரயிலில் திண்டிவனம் வரை கொண்டுவந்தேன். இன்றைக்கும் உங்கள் வாசல் இருந்த இடத்தைத் தாண்டினேன். தலை நிமிர்ந்துதான் போனேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்த முந்தானையாலேயே உன் அம்மா, "இன்னாடா மூஞ்சில மசி?" என்று என் வாயையும் அழுந்தத் துடைத்துவிட்டாள். பெரிய மனுஷனாகப் போய் நிற்க வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பேனாவால் போட்டதுதான் அந்த இடப்பக்கத்து நான்கும்.

வலப்பக்கம் ஏழு என்றதையும் மறுபடி எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான்.