தேதி போடாத தாள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுத வரவில்லை. நீயும் அத்தானும் அப்பாவும் நன்றாக இருங்கள், அது போதும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே, விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் போன் ஆபீஸ் கொடுத்தது, அதில் இதையெல்லாம் பேச முடியாது. என் போனை நேற்று சூப்பர்வைசர் வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். அதனால்தான் கடிதம்.

திங்கட்கிழமை காலை, நாங்கள் 'கண்ணாடி' என்று கூப்பிடுகிறவளின் கை மெஷினில் மாட்டிக்கொண்டது. தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு என் பக்கத்து மெஷினில் அட்டை வெட்டுவாளே, அவள்தான். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது, அக்கா. சத்தம்கூடப் போடவில்லை. "என் கண்ணாடி எங்கே, என் கண்ணாடி எங்கே" என்றுதான் கேட்டாள். கண்ணாடி அவள் முகத்தில்தான் இருந்தது. வேனில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு போனது நான். ஆஸ்பத்திரி நோட்டில் 'கூட்டி வந்தவர்' என்ற இடத்தில் என் பெயரும் பேட்ஜ் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அந்த மெஷினுக்குக் கம்பி வலை மூடி ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் திறந்து மூட நேரமாகிறது என்று சூப்பர்வைசரே மூன்று மாதத்துக்கு முன்னால் கழற்றிப் படிக்கட்டுக்கு அடியில் போட்டார். தரை துடைக்கிற அம்மா அதன்மேல்தான் துணி காயப்போடுவாள். செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் மூடி மஞ்சள் பெயின்ட் அடித்து மெஷினில் உட்கார்ந்திருக்கிறது! பெயின்ட்டுக்குள் துணி நூல் ஒட்டியிருப்பது எனக்குத் தெரிந்தது.

இப்போது ஒரு காகிதம் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். மூடி இருந்தது, அவளேதான் கழற்றினாள் என்று டைப் அடித்து வந்திருக்கிறது. ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. எனக்குப் பத்தாம் தேதி வரை நேரம். அவள் தப்பு என்று ஆகிவிட்டால் வேலையும் போகும், வைத்தியமும் அவள் பாடு. போடாவிட்டால் எனக்கு என்ன ஆகும்? நீ நம் கம்பெனி ஹெட் ஆபீஸில் இருக்கிறவள், உனக்குத் தெரியும். சொல் அக்கா.

உன்,
வாயாடி


ஜூன் 7

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. நான் ஒன்றும் கல்மனசுக்காரி இல்லை.

ஆனாலும் சொல்கிறேன், கையெழுத்தைப் போட்டுவிடு. ஒன்பது பேர் போட்ட இடத்தில் பத்தாவதாக நீ போட்டால் யாரும் உன்னைக் குறை சொல்லப்போவதில்லை. நீ போடாவிட்டால் உன்னை மட்டும்தான் பார்ப்பார்கள். சட்டம் கிட்டம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. பள்ளிக்கூடத்திலேயே டீச்சரை எதிர்த்துப் பேசிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொள்வாய். இப்போது நான் ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கிறேன், எங்கே வந்து ஒளிவாய்?

அத்தானுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன் கடிதம் என்று தெரிந்ததும் "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். "நல்லா இருக்காளாம்" என்றேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதே.

ஆசையுடன்,
அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

நான் கையெழுத்துப் போடவில்லை.

போட்டுவிடலாம் என்று பேனாவைக்கூட எடுத்தேன். அன்றைக்குக் காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் இடது கையால் அவள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பேனாவை வைத்துவிட்டேன். சூப்பர்வைசர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு அதிகப் பயம். சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் ராஜினாமா ஏற்கெனவே ஹெட் ஆபீஸ்ல இருக்கும்மா. தேதி மட்டும்தான் போடணும்."

ஆறு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்த அன்றைக்கு உன் மேஜையில் உட்கார்ந்து ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டேனே, நினைவிருக்கிறதா? கடைசித் தாளை நான் படிக்கப் போனபோது, "எல்லாரும் போடுறதுதான், சும்மா ஒரு பழக்கம், போடு" என்று சொன்னது நீதான். உன் பேனாவில்தான் போட்டேன்.

இன்றைக்கு அரை நாள் லீவு போட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். சளி பிடித்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை தும்மும் ஓர் அதிகாரியம்மா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சேர்ற அன்னைக்கே வேலையை விட்டுப் போறேன்னு மனசார எழுதிக் குடுக்கிறவங்க உண்டாம்மா? மிரட்டி வாங்கின ராஜினாமா ராஜினாமாவே இல்ல. பாக்காததைப் பாத்தேன்னு எழுதித் தரச் சொல்லவும் யாருக்கும் உரிமை இல்ல" என்றார். அப்புறம், "புகாரை ரெண்டு பிரதி எழுது. ஒண்ணு எங்களுக்கு. இன்னொண்ணுல சீல் வாங்கிட்டுப் போ, அதைத் தொலைச்சுடாதே" என்றார். எழுதிக் கொடுத்தேன். இருபத்தைந்தாம் தேதி விசாரணை.

சீல் போட்ட தாளைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். விடுதி வாசலில் பைக் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தாள் யாருடைய அலமாரியில் இருக்கிறது, அக்கா?

தங்கை


ஜூன் 17

என் கண்ணே,

என் அலமாரியில்தான்.

பச்சை பைல். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு தாள். சாவி என் கைப்பையில் இருக்கிறது. தேதி போடச் சொன்னால் டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. இதுவரை பதினோரு பேருக்குப் போட்டிருக்கிறேன். குழந்தை பெற்றுத் திரும்பி வந்த ஒருத்தி, முதுகு வலி என்று லீவு கேட்ட ஒருவர், இப்படிப் பதினோரு பேர். ஒவ்வொரு தடவையும் நான் வெறும் டைப் அடிக்கிறவள்தானே என்று சொல்லிக்கொள்வேன். அந்தச் சுற்றுக் காகிதத்தில் உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னதுகூட உனக்காக இல்லை. உன் தாள் என் மேஜைக்கு வந்துவிடக் கூடாதே என்ற பயம்தான்.

நேற்று வந்துவிட்டது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் கம்பெனியில் வேலை செய்யக் கூடாது என்பதால் உன்னைத் 'தெரிந்த பெண்' என்று சொல்லித்தானே சேர்த்தேன். அதனால் ஹெட் ஆபீஸ் மேனேஜருக்கு நீ யார் என்று தெரியாது. "புகாருக்கு முன்னாடி ஏதாவது ஒரு தேதி போடும்மா. நீயே பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

உன் கையெழுத்தைப் பார்த்தேன். புதுக் கையெழுத்து என்று சுழித்துச் சுழித்துப் போட்டிருக்கிறாய். கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். கிழித்தால் இன்னொன்று செய்வார்கள், என்னையும் பிடிப்பார்கள். கடைசியில் மே 31 என்று அடித்தேன்.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "பரவாயில்லையே! ஆக்சிடென்ட் அன்னைக்கு அவ இங்க வேலையிலேயே இல்லன்னு ஆயிடுது" என்று பாராட்டினார். வருகைப் பதிவு கம்பெனி கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதை மாற்றச் சொல்லிவிட்டார். ஆனால் ஜூன் 2 அன்று ஆஸ்பத்திரி நோட்டில் நீ போட்ட கையெழுத்து அவருக்குத் தெரியாது. அதை அவரால் மாற்றவும் முடியாது. அதை நினைத்துத்தான் அந்தத் தேதியைப் போட்டேன். நீ போய் அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் வாங்கு.

எனக்கு இவ்வளவுதான் தைரியம். பச்சை பைலில் முதல் தாள் என்னுடையது என்பதையும் தெரிந்துகொள். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

அக்கா


ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

பதினோரு பேர் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் மனசுக்குள்கூட உன்னோடு நான் பேசவில்லை. அந்தக் குழந்தைக்காரியை எனக்குத் தெரியும். என் வரிசையில்தான் நின்றாள். தானாகவே போய்விட்டாள் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் நகல் வாங்கப் போனேன்.

நேற்று விசாரணை. பெயரைச் சொல்லவே எனக்குக் குரல் வரவில்லை. வாயாடி என்று இனிமேல் கூப்பிடாதே. எங்கள் பாக்டரி மேனேஜர் அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்து, "இந்தப் பொண்ணு மே மாசமே போயிட்டாங்க, சம்பந்தமே இல்லாம வந்து பேசறாங்க" என்றார். அதிகாரியம்மா தும்மிவிட்டு, ஆஸ்பத்திரி நகலைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். "முப்பத்தொண்ணாம் தேதி போனவங்க, ரெண்டாம் தேதி உங்க வேன்ல, உங்க பேட்ஜோட ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தாங்க?" என்று கேட்டார். மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி கட்டுப் போட்ட கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மெஷினை நாளைக்கு வந்து பார்ப்பார்கள். பெயின்ட்டில் ஒட்டியிருக்கும் நூலையும் சொல்லிவிட்டேன்.

சந்தோஷப்படலாம் என்று நினைக்கும்போதே அந்த அம்மா, "இந்தத் தேதியை அடிச்சது யாரு?" என்று கேட்டார். "ஹெட் ஆபீஸ்ல" என்றார் மேனேஜர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதிலிருந்து பயம் இடம் மாறிவிட்டது, அக்கா. இப்போது உன்னை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அதைக் கொடுத்தால் பதினோரு பேருக்கும் வழி பிறக்கும், உனக்கு வேலை போகும். உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுது.

உன் தங்கை


ஜூலை 1

என் வாயாடிக்கு (அப்படித்தான் கூப்பிடுவேன்),

நேற்றுக் காலை எங்கள் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு என் தாளை என் முன்னால் வைத்தார். "அது உன் தங்கச்சியாமே? இன்னைக்குத் தேதி. நீயே அடிச்சுடு" என்றார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

டைப் மெஷினில் தாளைச் சொருகினேன். பழக்கம். விரலை எழுத்தின்மேல் வைத்தேன். கை ஓடவில்லை. பதினோரு பேருக்கும் உனக்கும் ஓடிய கை.

"சார், இது நான் எழுதினது இல்ல. சேர்ந்த அன்னைக்கே வாங்கினது. இதை நான் அடிக்க மாட்டேன்" என்றேன். அவ்வளவு சின்னக் குரலில் நான் வாழ்க்கையில் பேசியதில்லை. அவருக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். யாரோ பின்னால் வருகிற மாதிரியே இருந்தது. யாரும் வரவில்லை.

இங்கேயும் ஒரு தொழிலாளர் அலுவலகம் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பிரதி எழுதினேன். பதினோரு பெயரும் பதினோரு தேதியும் பைலைப் பார்க்காமலே வந்தன. ஒன்றுகூட மறக்கவில்லை, அதுதான் எனக்கே திகிலாக இருந்தது. தேதி அடித்தவர் யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். கவுன்டரில் இருந்தவர் படித்துவிட்டு, "நீங்க புகார் குடுக்கிறவங்களா, உங்க மேலதான் புகாரா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான் சார்" என்றேன்.

சீல் போட்டுக் கொடுத்தார். அலமாரிச் சாவியையும் அவரிடமே கொடுத்து, அதற்கும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

என் கடிதத்தை அந்த அதிகாரியம்மாவிடம் கொடுத்துவிடு. எனக்கு என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது, மிகவும் பயமாக இருக்கிறது. அத்தானிடம் நேற்றே சொல்லிவிட்டேன். சீல் போட்ட தாளை வாங்கித் தலையணை உறைக்குள் வைத்தார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. காலையிலும் வழக்கம்போல ஆபீஸுக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. இந்தத் தடவை உன் முதுகுக்குப் பின்னால் நான் நிற்கிறேன், அப்பாவிடம் நீ சொல்லு.

உன்,
அக்கா