இரண்டு பக்கமும் பேசியவனுக்கு

இன்று காலை உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ போனபின் இந்த வீட்டை விற்றுவிட்டு நுவரெலியாவில் மகளோடு போய் இருக்க உன் மனைவி முடிவெடுத்திருக்கிறாள். என்னை அண்ணனாய் நினைப்பவள், துணைக்குக் கூப்பிட்டாள். புதிய தரகர் உள்ளே வந்ததும் அத்தர் வாசனை குப்பென்று அடித்தது. நீ பூசிக்கொண்டு அலைந்த அதே மலிவுச் சரக்கு.

உன் சாவு வீட்டில் எல்லோரும் உன்னை நல்ல மனுசன் என்றார்கள். அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், இன்று முடியாது.

தேயிலைத் தோட்டத்து லயத்து அறையை விட்டு வந்து சொந்த வாசலில் உட்கார வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே ஆசை. கினிகத்தேனையில் அந்த வீட்டைக் காட்டிய தரகன் நீ. அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "நான் ஒங்க ஆளும்மா. ஒங்களுக்காகத்தான் பேசுறேன்" என்றாய். நம்பினோம். தோட்டத்தில் எங்களுக்காகத் துரையிடம் பேச எப்போதும் யாராவது ஒருவர் இருந்தார். வெளியிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம்.

குடிபோன கொஞ்ச நாளிலேயே பக்கத்துக் காணிக்காரர் எங்கள் வாசலுக்கு வரும் பாதையை முள்ளுக்கம்பியால் அடைத்தார். பாதை அவருடையதாம். நடக்க முடியாத அம்மாவை நாற்காலியோடு தூக்கி, பின்பக்கச் சாக்கடைக் கானைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உன்னிடம் கேட்டபோது நீ கூசவே இல்லை.

"தெரியும்தான். சொல்ல வேணாம்னு விக்கிறவரு சொன்னாருப்பா. அவருக்கும் நாந்தானே பேசுனேன்."

ஹட்டனில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள் பேசலாம், ஆனால் அது இருவருக்கும் தெரிந்து, இருவரும் சம்மதித்திருக்க வேண்டும் என்றார். "ஒங்க பக்கம்னு எழுதிக் குடுத்தாரா?" என்று கேட்டார். எங்களிடம் இருந்தது உன் வாய்ச்சொல் மட்டும். அம்மா அந்த வாசலில் உட்கார்ந்து முள்ளுக்கம்பியைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார்.

இன்று வந்தவரும், "ரெண்டு பேருக்கும் நானே பேசிக்கிறேங்க" என்றார். உன் மனைவிக்கு நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் வாங்குகிறவர்களுக்கு மட்டும் பேசுங்கள் என்று வெட்டிவிட்டேன். அவர் போன் பேச வெளியே போனதும் உன் மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"போன மழையில வீட்டுக்குப் பின்னால உள்ள மண்மேடு சரிஞ்சிச்சுண்ணே. அதச் சொல்லணுமா? வாங்குறவங்க லயத்துலேருந்து வர்றாங்களாம்."

"சொல்லித்தான் விக்கணும் தங்கச்சி."

"வெல கொறைஞ்சிருமே."

"கொறையட்டும்."

"அவரு இருந்தா சொல்லியிருக்க மாட்டாரு" என்றாள். பிறகு அவளே எழுந்து, தரகரைக் கூப்பிட்டு, பின்பக்கம் கூட்டிப்போய் அந்த மேட்டைக் காட்டினாள்.

உன்மேல் இருக்கிற வெறுப்பை இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். இறக்கி வைக்கும் எண்ணம் இல்லை. இன்று அது லயத்திலிருந்து வரப்போகும் யாரோ ஒரு அம்மாவுக்கு உதவியிருக்கிறது.