பியானோ நின்றது எனக்குக் கேட்கவில்லை

1944 ஆகஸ்ட், வெள்ளி இரவு.

இன்று ஒத்திகையில் லெஸ்லி பியானோவைப் பாதியில் நிறுத்தியிருக்கிறான். ஆளுயர பாஸ் வயலின் வாசிக்கும் சவரியும் நிறுத்திவிட்டான். நான் மட்டும் டிரம்ஸை அடித்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தபோது இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லெஸ்லி என் காதருகில் வந்து கத்தினான். "என்ன மேன், எத்தினி நாளா இப்படி?"

ஜலதோஷம் என்றேன்.

"நாளைக்கு கிளப்ல ஜாஸ் வாசிக்கிறது நாம மூணே பேரு. ஒருத்தன் தப்பு பண்ணா ஒளிய எடமில்ல. மிலிடரி பேண்டுல ஒரு ஆளு இருக்கான், கூப்பிடட்டுமா?"

கல்யாண பேண்டிலும் சினிமாக் கொட்டகையிலும் அடித்து அடித்து இந்த மேடைக்கு வந்தவன் நான். வேண்டாம் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த விதம் எனக்கே அவமானமாக இருந்தது.

சவரிதான் குறுக்கே வந்தான். "இருக்கட்டும் லெஸ்லி. மரியான், நீ என் விரலையே பாரு. பாட்டு எங்க போவுதுன்னு நான் காட்டுறேன்."

லெஸ்லி அரைமனதாகச் சரி என்றான். கிளப்பில் விளக்கைக் குறைத்துவிட்டால் என்ன செய்வேன்?

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து எனக்குப் பின்னால் குனிந்தாள். தொட்டிலில் குழந்தை முகம் சிவந்து அழுதுகொண்டிருந்தது.

என் முகத்துக்கு நேரே நின்று கேட்டாள். "பக்கத்துலயே உக்காந்துகினு, புள்ள இவ்ளோ அழுவுறது கேக்கலியா உங்களுக்கு?"

பாட்டு யோசனையில் இருந்தேன் என்றேன். நம்பிவிட்டாள். குழந்தையை என்னிடம் தந்தாள். மார்போடு சேர்த்துப் பிடித்ததும் அந்த அழுகை நெஞ்சில் அதிர்ந்தது. காதுக்கு மட்டும் எங்கோ அடுத்த தெருவில் அழுவதுபோல் இருந்தது.