விண்டோஸ் 95-ம் விளக்கு வைத்த நேரமும்

12 பிப்ரவரி 1996, திங்கள்

அச்சகக் கம்ப்யூட்டரில் மவுஸ் இல்லாத பழைய டாஸை எடுத்துவிட்டு விண்டோஸ் 95 போட்டார்கள். ஆறு வருஷமாக நான் உட்கார்ந்து டைப் அடிக்கும் நாற்காலி மட்டும் அதே. திரையின் மூலையில் 'மை கம்ப்யூட்டர்' என்று இருக்கிறது. முதலாளி ரங்கு மாமா அதைப் படித்துவிட்டு, "யாரோடதுன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு பாரு" என்றார். திருப்தியாகக் காபி குடித்தார்.

14 பிப்ரவரி

எதைத் திறக்கவும் மவுஸில் சடக்கென்று இரண்டு தட்டு தட்ட வேண்டும். என் இரண்டு தட்டுக்கும் நடுவில் எங்கள் மண்டி மொஹல்லாப் பேட்டையின் எல்லா ஆட்டோவும் போய்விடும் என்கிறாள் ரூபா. கன்னடத்துப் பெண், புதிதாகச் சேர்ந்தவள். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள்.

23 பிப்ரவரி, வெள்ளி

ரங்கு மாமா இன்று சொல்லிவிட்டார். "உகாதி வரைக்கும் பாக்கறேன் அம்புஜம். உனக்கு இது ஒத்துவரலேன்னா மிஷின்ல ரூபா உக்காரட்டும். நீ கல்யாணப் பத்திரிகை மடிக்கற மேஜைக்குப் போயிடு. அதுவும் வேலைதானே?"

வேலைதான். மடிக்கிற வேலை. வீட்டில் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

1 மார்ச்

அழித்ததெல்லாம் இதில் உடனே போவதில்லை. திரையிலேயே ஒரு குப்பைத்தொட்டி, அதில் சேருகிறது. காலி செய்தால்தான் போகும். நான் காலையில் வந்ததும் காலி செய்கிறேன். ரூபாவுக்குக் கிளம்பும்போது செய்ய வேண்டும். "சும்னே எதுக்கு அக்கா ராத்திரியெல்லாம் வெச்சிருக்கீங்க?"

விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே கொட்டுவார்களா? கடையில் மகாலட்சுமி படத்துக்கு ஆறு மணிக்கு விளக்கேற்றுகிறோம். அதற்கு மேல் துடைப்பத்தைக்கூடத் தொடுவதில்லை. இதற்கு மட்டும் தனிச் சட்டமா?

9 மார்ச்

முரளிதரன் என்பவரின் ஆய்வேட்டை அடித்துக்கொண்டிருக்கிறேன். பட்டுப்புழுவுக்கு வரும் நோய்கள். இருநூறு பக்கம். சாப்பிடும்போது நினைக்கக் கூடாது. உள்ளே எங்காவது போட்டால் எனக்கே அகப்படாது என்று திரையின் நடுவில் வைத்திருக்கிறேன்.

15 மார்ச், வெள்ளி

ஆய்வேடு முடிந்தது! மதியம் பூ வாங்க தேவராஜ மொஹல்லா போனேன். திரும்பி வந்தபோது ரங்கு மாமா மிஷினை விட்டு எழுந்துகொண்டிருந்தார். முகத்தில் நல்ல தெளிவு. பிறகு சாயங்காலம் வரை, திரை முழுக்கப் பழையதொரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் மாற்றும் வேலை.

கிளம்பும்போது ரூபா குப்பைத்தொட்டியைக் காலி செய்யப் போனாள். கையைப் பிடித்தேன்.

"அக்கா, இது நிஜக் குப்பை இல்ல."

"விளக்கு நிஜம்தானே?"

தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் விட்டுவிட்டாள்.

16 மார்ச், சனி

காலையில் ஆய்வேடு இல்லை. திரை துடைத்துவிட்டது போல் இருக்கிறது. பிளாப்பியில் நகல் இருப்பது இரண்டாம் அத்தியாயம் வரைதான். திங்கட்கிழமை முரளிதரன் அதைக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும், இன்று பதினோரு மணிக்கு வாங்க வருகிறார்.

ரங்கு மாமா கத்தினார். "என்ன பண்ணித் தொலைச்சே? அப்பவே நெனச்சேன், இது உனக்கு ஒத்துவராதுன்னு!" வாசலில் நின்ற வாடிக்கையாளர் முன்னாலேயே. நான் என்ன செய்தேன்? ஒண்ணுமே பண்ணலையே — அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலையில் காலி செய்யலாம் என்று விட்டது நினைவுக்கு வந்தது. தொட்டியைத் திறந்தேன்.

உள்ளே ஆய்வேடு. கூடவே திரையில் இருந்த மற்றவையும். பக்கத்தில் எப்போது போட்டது என்றும் எழுதியிருக்கிறது. நேற்று மதியம், நான் பூ பேரம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

ரங்கு மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வெள்ளிக்கிழமையாச்சே... அங்கயும் இங்கயும் கெடந்துது. ஒதுக்கிச் சுத்தம் பண்ணினேன்."

முரளிதரன் பதினோரு மணிக்கு வந்தார். புழுக்களை வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

21 மார்ச், உகாதிக்கு மறுநாள்

நாற்காலி பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. வழக்கம்போல் போய் உட்கார்ந்தேன். மடிக்கிற மேஜையில் ரங்கு மாமா ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பத்திரிகை மடித்துக்கொண்டிருந்தார். ஓரம் சரியாகச் சேரவில்லை.

ஆறு மணிக்கு ரூபா தீப்பெட்டியோடு வந்து என் நாற்காலி பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, விளக்கேத்தப் போறேன். தொட்டியில கொட்ட வேண்டியது ஏதாச்சும் இருந்தா இப்பவே கொட்டிடுங்க."