டிப்போ சுவரில் உன் முகம்

என் தங்க மகளுக்கு,

அம்மா எழுதறது. இங்க நானும் உன் அப்பாவும் உடம்பளவுல நல்லாத்தான் இருக்கோம், மனசளவுல நான் எப்படி இருக்கேன்னு மேல படிச்சுத் தெரிஞ்சுக்கோ. நீ நல்லா இருக்கியான்னு எப்பவும் கேப்பேன், இந்தத் தடவை கேக்கத் தேவையில்லாமப் போச்சு, பஸ் டிப்போ சுவர் முழுக்க உன் முகத்தைப் பார்த்துட்டேன். கன்னம் ஒட்டியிருக்கு. முடியை வெட்டியிருக்கே, ஒரு வார்த்தை சொல்லலை. போன்ல பேசினா வேலை இருக்கும்மான்னு வச்சிடறே, கடிதத்தை அப்படிப் பாதியில வைக்க முடியாதுன்னுதான் பேனாவை எடுத்தேன்.

முதல்ல வீட்டுச் சமாசாரம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி விட்ட பாடில்லை, நம்ம மருந்துக் கடை அலமாரி பூரா மாத்திரை இருக்கு, ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கறார், தான் ஒண்ணு போட மாட்டேங்கறார், கேட்டா அதெல்லாம் விக்கறதுக்காம். உன் தம்பி பெண்டாட்டிக்கு ஆறாம் மாசம், எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, ஆனா உன் தம்பி நடக்கற நடையைப் பார்த்தா அவன்தான் பெத்துக்கப் போறான்னு நினைப்பாங்க. சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுது. இது எல்லாம் உனக்கு உன் அப்பா சொல்லியிருப்பார், அவர்தான் உன்கிட்ட எல்லாம் சொல்ற ஆளாச்சே, அதுக்கு அப்புறம் வரேன்.

நம்ம கட்சிக்குப் புதுத் தலைவர் வந்திருக்கார், அந்தப் பல் டாக்டர்தான், சின்ன வயசுல உன் கடவாய்ப் பல்லைப் பிடுங்கினவர். நகராட்சியில இப்ப நம்ம ஆளுங்கதான் அதிகம். வந்த கையோட டிப்போவுக்குப் பின்னாடி இருக்கற பெண்கள் காப்பகத்தை மூடணும்னு தீர்மானம் கொண்டு வரப்போறேன்னார். புருஷன் ஒரு வார்த்தை கத்தினா பெண்டாட்டி பையைத் தூக்கிட்டு அங்க போயிடறா, குடும்பம் சிதறுது, அந்தக் கட்டடத்துல குடும்ப ஒற்றுமை மையம் வச்சு ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசி அனுப்பலாம்னு அவர் திட்டம். நான் ஒளிக்காமச் சொல்றேன், கேட்டப்ப எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. குடும்பம்னா ஆயிரம் இருக்கும், நாலு பாத்திரம் ஒரு இடத்துல இருந்தா சத்தம் வராமலா இருக்கும், பொறுத்துப் போறதுதான் வீடுன்னு நம்பறவ நான், இன்னைக்கும் நம்பறேன், நீ சிரிச்சாலும் சரி. அந்த நம்பிக்கையிலதான் மகளிர் அணிச் செயலாளர்னு பேர் வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் நாற்காலி போட்டு, பேனர் கட்டி, டீ ஊத்தி உழைச்சிருக்கேன். தீர்மானத்தை ஆதரிச்சுப் பெண்களே ஊர்வலம் போனாத்தான் எடுபடும்னார். சரின்னேன்.

எதிர்ப்பக்கம் யாருன்னா, காப்பகத்துக்கு ஒத்தாசையா இருக்கற அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி. அவளுக்கும் எனக்கும் வாய்க்கா வரப்புத் தகராறு ஒண்ணும் கிடையாது, ஆனா பார்த்தாலே எனக்கு ஆகாது, ஏன்னு இப்பச் சொல்லிடறேன். நான் முப்பது பேரைத் திரட்டணும்னா வீடு வீடா ஏறி இறங்கி, வேன் பிடிச்சு, பொழுது சாயறதுக்குள்ள வாசல்லயே கொண்டு வந்து விடறேன்னு சத்தியம் பண்ணணும். அவ ஒரு துண்டுத் தாளைக் கடைக் கதவுல ஒட்டினாப் போதும், வேலை முடிஞ்ச நர்ஸ், கண்டக்டர், காலேஜ் பொண்ணுங்கன்னு தானா வந்து நிக்கறாங்க. நான் மைக்கைத் தொட்டா அது கீச்சுனு கத்தும், அவ தொட்டா பொட்டிப் பாம்பா அடங்குது. நம்ம கட்சி மேடையில எனக்குக் கிடைச்சதெல்லாம் வரவேற்புரையும் நன்றியுரையும்தான், நடுவுல பேசறது பூரா ஆம்பளைங்க. அவளுக்கு மேடையே கிடையாது, ஸ்டூல் மேல ஏறி நிக்கறா, தெருவே காதைக் கொடுக்குது. வயிறு எரியுமா எரியாதா நீயே சொல்லு.

அன்னைக்கு சாயங்காலம் நாங்க ஊர்வலமா டிப்போ முனைக்கு வந்தோம், குடும்பத்தைக் காப்போம்னு எழுதின பேனரோட ஒரு முனை என் கையில, இன்னொரு முனை நம்ம அணியில இருக்கற பேக்கரிக்காரர் பெண்டாட்டி கையில. எதிர்ல அவங்க கூட்டம். லேசா இருட்டினதும் டிப்போ சுவர்ல ஏதோ படம் காட்டினாங்க. பார்த்தா நீ. கோஷம் போட வாயைத் திறந்தவ திறந்தபடியே நின்னேன். நீ பேசினே. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் அந்தக் காப்பகத்துல இருக்கற குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்னே. என்கிட்ட கம்ப்யூட்டர் கிளாஸ் போறேன்னு சொல்லிட்டுப் போன அதே சனிக்கிழமைங்க! அது எனக்கு இன்னொரு வீடுன்னே. என்னை வளர்த்ததுல பெரியம்மாவுக்குப் பெரிய பங்குன்னு அந்தக் கடைக்காரியைச் சொன்னே. எனக்கு அக்கா யாரும் கிடையாது கண்ணு, நான்தான் மூத்தவ, உனக்கு எங்கேருந்து பெரியம்மா வந்தா? ஒரு மாசத்துல என்கிட்ட பேசற பேச்சை அந்தச் சுவர்ல ஒரே மூச்சுல பேசிட்டே. எவ்வளவு நல்லாப் பேசினே தெரியுமா. என் பக்கத்துல ஒருத்தி, இது நம்ம மருந்துக்கடை அக்கா பொண்ணு இல்லையான்னு கேட்டா, ஆமா என் பொண்ணுதான்னு நிமிர்ந்து சொன்னேன், சொன்னப்புறம்தான் நான் எந்தப் பக்கம் நிக்கறேன்னு ஞாபகம் வந்துச்சு. அந்தக் கடைக்காரி சுவரோரமா நின்னு உன்னை அண்ணாந்து பார்த்துட்டிருந்தா, பத்து மாசம் சுமந்தவ மாதிரி ஒரு பார்வை. அந்தப் பார்வையைத்தான் என்னால தாங்க முடியல.

வீட்டுக்கு வந்து உன் அப்பாகிட்ட பொரிஞ்சு தள்ளினேன். அவர் பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிக்கிட்டார். அப்பவே புரிஞ்சு போச்சு. இழுத்துப் பிடிச்சுக் கேட்டதுக்கு, நான்தான் ஸ்கூட்டர்ல கொண்டு விடுவேன், உன்கிட்ட சொன்னா நீ கட்சியில சொல்லிடுவேன்னு பொண்ணுக்குப் பயம்னார். முழுப் பூசணிக்காயை ரெண்டு பேருமாச் சேர்ந்து இத்தனை வருஷம் மறைச்சிருக்கீங்க. ரெண்டு நாள் அவரோட நான் பேசல. தானே டீ போட்டுக் குடிச்சார், சர்க்கரை டப்பா எங்கேன்னு கூடக் கேக்கல, அந்த அளவுக்குப் பயம்.

மூணாம் நாள் பல் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். கிளினிக்ல ஒருத்தர் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு நாற்காலியில கிடக்கார், அவரை அப்படியே விட்டுட்டு வந்து என்கிட்ட ஒரு தாளை நீட்டினார். என் மகள் சிலரால் தவறான வழியில் திருப்பப்பட்டிருக்கிறாள், ஒரு தாயாக வேதனைப்படுகிறேன்னு எழுதியிருந்துச்சு, கீழ கையெழுத்துப் போட்டா நாளைக்குப் பேப்பர்ல வந்துடுமாம். எனக்கு உன் மேல அவ்வளவு ஆத்திரம் இருந்துச்சு, ஆனா அந்தத் தாளைப் பார்த்ததும் அது அப்படியே அவர் மேல திரும்பிடுச்சு. என் பொண்ணைத் திட்டணும்னா என் வீட்டு அடுப்படியில நின்னு நானே திட்டிக்குவேன், அதுக்கு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டாம்னேன். அப்ப பதவியை யோசிக்க வேண்டியிருக்கும்னார். யோசிங்கன்னுட்டு வந்துட்டேன்.

நேரா எங்க போனேன்னு நினைக்கறே, அவ கடைக்கு. சண்டை போடத்தான் போனேன். தெருவே கூடற மாதிரி கேக்கணும்னு வாசல் வரைக்கும் மனசுக்குள்ள ஒத்திகை பார்த்துட்டுப் போனேன். அவ ஒரு சின்ன ஸ்க்ரூவைக் கையில வச்சு யாரோட கண்ணாடியோ மாட்டிட்டிருந்தா, வாங்க உக்காருங்கன்னு நாற்காலியைத் துடைச்சுப் போட்டா. உங்களை எப்படி என் பொண்ணு பெரியம்மான்னு கூப்பிடலாம்னு ஆரம்பிச்சேன். அவ, வயசுல நான் உங்களை விட ரெண்டு வருஷம் சின்னவதான்னா. அப்படின்னா சித்தின்னு கூப்பிடச் சொல்லுங்கன்னேன். எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, அடக்கிக்கிட்டேன். அப்புறம் அவ சாதாரணமாக் கேட்டா பாரு, போன மாசம் வந்த காய்ச்சலுக்கப்புறம் உங்க பொண்ணுக்கு இப்ப பரவாயில்லையான்னு. எந்தக் காய்ச்சல்? நாலு நாள் தனியா அறையில படுத்துக் கிடந்தியாமே. லேப்ல கூட வேலை பாக்கறவங்க கஞ்சி வச்சுக் கொடுத்தாங்களாமே. மருந்துக்கடை வச்சிருக்கறவ பொண்ணு காய்ச்சல்ல கிடந்தது கண்ணாடிக் கடைக்காரி சொல்லித் தெரிய வேண்டியிருக்கு. எனக்குத் தெரியும்ங்கற மாதிரி தலையை ஆட்டினேன். ஆட்டினதும் அவளுக்குப் புரிஞ்சிருக்கணும், கண்ணாடியைத் துடைக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டா. அதுக்காகவும் அவ மேல கோவம்தான்.

நீ அப்படி என்ன வீடு கட்டி வச்சிருந்தேன்னு பார்த்துடறதுன்னு அந்தக் காப்பகத்துக்குள்ள போய்ப் பார்க்கணும்னேன். கூட வரேன்னா, வேண்டாம் நானே போறேன்னேன். உள்ள அடுக்குக் கட்டில் போட்ட அறைங்க, சோப்பு வாசனை, சுவரெல்லாம் குழந்தைங்க கிறுக்கல். ஒரு சுவர்ல வாய்ப்பாடு, உன் கையெழுத்து, ஏழுக்கு நடுவுல நீ போடற அந்தக் குறுக்குக் கோடு. தொட்டுப் பார்த்தேன். பின்கட்டுல துணி காயப் போட்டுட்டிருந்தவ என்னைப் பார்த்ததும் போர்வைக்குப் பின்னாடி மறைஞ்சா. யாருன்னு நினைக்கறே, பேக்கரிக்காரர் பெண்டாட்டி. ஊர்வலம் முடிஞ்ச ரெண்டாம் நாளே வந்திருக்கா. கையில கட்டு. அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னா. அந்தப் போர்வையோட மறுமுனையைப் பிடிச்சேன், ரெண்டு பேருமா உதறி மடிச்சு வச்சோம். பொறுத்துப் போன்னு அவளுக்கே நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அன்னைக்கு வாய் வரல.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம், கவனமாப் படி, ஏன்னா இது எந்தப் பேப்பர்லயும் வராது. உன் பெரியம்மாவோ சித்தியோ, அவ மனு கொடுத்தா, கையெழுத்து வாங்கினா, நகராட்சி வாசல்ல உக்காந்தா. எல்லாம் சரிதான். ஆனா நம்ம கவுன்சிலருங்க மனுவைப் படிக்கறவங்களா? அவங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடறவங்க. அந்த வீடுங்களுக்கு எந்தக் களிம்பு போகுது, யாருக்குத் தூக்க மாத்திரை, யார் படியில விழுந்தேன்னு மாசா மாசம் பஞ்சு வாங்கறாங்கன்னு எனக்குத் தெரியும். ஒருத்தரைப் பத்தி ஒருத்தர்கிட்ட மூச்சு விடல, அது நம்ம தொழிலுக்கு அழகில்லை. கவுன்சிலருங்க பெண்டாட்டிங்க மருந்து வாங்க வரப்ப ஒவ்வொருத்தியா கல்லாவுக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டு ஸ்டூல் போட்டு, குடும்பம் உடையக் கூடாதுன்னு சொல்ற கட்சிதான் நாம, ஆனா உசிரோட இருந்தாத்தானே குடும்பம், ஒரு கதவு திறந்திருக்குன்னு தெரிஞ்சா ஆம்பளை கையும் கொஞ்சம் யோசிக்கும், உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிப் பாருங்களேன்னு கேட்டேன். ஒருத்தி எழுந்து போயிட்டா. ஒருத்தி மாத்திரைப் பொட்டலத்தைப் பையில போட்டுக்கிட்டு, சரி அக்கான்னு மட்டும் சொன்னா.

தீர்மானம் வந்த அன்னைக்கு நல்ல மழை. நம்ம கவுன்சிலர் ஒருத்தருக்கு வயித்து வலி, ஒருத்தருக்குக் கார் கிளம்பல, இன்னொருத்தர் எதுக்கு அவசரம்னு கையைத் தூக்காமலே உக்காந்துட்டார். தீர்மானம் தோத்துப் போச்சு. பல் டாக்டர் முகம், மயக்க ஊசி போடாமப் பல்லைப் பிடுங்கின மாதிரி ஆயிடுச்சு. வெளியில கண்ணாடிக் கடைக்காரியைத் தோள் மேல தூக்காத குறை, கை தட்டு, விசில், மறுநாள் பேப்பர்ல மக்கள் போராட்டத்துக்கு வெற்றின்னு அவ சிரிக்கற படம். நான் நகராட்சிப் படிக்கட்டுல குடையைப் பிடிச்சுட்டு நின்னேன், ஒரு ஈ காக்கா என்னைத் திரும்பிப் பார்க்கல. நல்லதுதானே நடந்துச்சுன்னு என்னை நானே சமாதானம் பண்ணிப் பார்த்தேன், நடக்கல. அந்தப் பேப்பரை நீ அங்க பார்த்து அவளுக்குத்தான் முதல்ல போன் பண்ணியிருப்பேன்னு நினைச்சேன், வெந்துட்டேன். பண்ணினியா? பண்ணியிருப்பே.

ரெண்டு நாள் கழிச்சு அவளே நம்ம கடைக்கு வந்தா, தலைவலிக்கு மாத்திரை கேட்டா. உங்க ஆளுங்க எப்படி வராமப் போனாங்கன்னு எங்களுக்கு இன்னும் புரியவே இல்லைன்னா. மழைன்னேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தா, நல்ல மழைன்னா. மாத்திரையை வாங்கிட்டுப் போயிட்டா.

செயலாளர் பதவி போயிடுச்சு, இப்ப நான் ஆலோசகராம், யாரும் ஆலோசனை கேக்கப் போறதில்லைங்கறதுக்கு அழகான பேர். ஆனா கட்சியை விட்டு நான் போக மாட்டேன், அது என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா, எத்தனை நாற்காலி தூக்கிப் போட்டிருக்கேன். பேக்கரிக்காரர் பெண்டாட்டி இப்ப நம்ம கடையில வேலை பார்க்கறா, ஊருக்குத் தெரிஞ்சு போச்சு, அவளே அதைப் பத்திக் கவலைப்படல. சனிக்கிழமை சாயங்காலம் நான் காப்பகத்துக்கு மருந்துப் பெட்டி எடுத்துட்டுப் போறேன். கண்ணாடிக் கடைக்காரி ஞாயித்துக்கிழமைதான் வருவா, கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போறேன்.

ஒழுங்காச் சாப்பிடு. ஈரத் தலையோட வெளியே போகாதே. காய்ச்சல்னா நடுராத்திரியா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணு, உன்னைப் பெத்தவளுக்குத் தூக்கம் ஒண்ணும் பெரிசில்லை. அரசியல்ல நாம சண்டை போடுவோம், நான் விட்டுக் கொடுக்க மாட்டேன், நீயும் கொடுக்காதே, ஆனா சண்டையை என்கிட்ட போடு. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியா நடக்கணும், நோய் நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும்.

மறக்காம ஒண்ணு. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படிச்சுக் காட்டாதே. இல்ல, காட்டணும்னு தோணினா காட்டு, மழை பெய்ஞ்ச கதை அவளுக்கும் தெரியட்டும். வயிறெரிஞ்சேன்னு எழுதின இடத்தையும் வேணும்னா படி, பரவாயில்லை. உன் காய்ச்சல் எனக்குத் தெரியாமப் போச்சுன்னு எழுதின இடத்தை மட்டும் விட்டுட்டுப் படி.

இப்படிக்கு,
உனக்கு இருக்கற ஒரே அம்மா