ஒரு சிட்டிகை துத்தநாகம்

ஊரார் ரத்தத்தையெல்லாம் லேபில் சோதித்துவிட்டு, தன் காய்ச்சலைக் கவனிக்காமல் விட்ட என் வீட்டுக்காரிக்கு,

பார்வையாளர் நேரத்தில் எனக்குக் கீழே ஆஸ்பத்திரிக் கேன்டீனில் அடுப்பு வேலை. அதனால்தான் மாடியில் உன் வார்டுக்கு வர முடியவில்லை. வேறொன்றுமில்லை.

படுக்கையில் விழுவதற்கு முன், "உங்க கை ருசி எங்க போச்சு? வாயில வைக்க முடியல" என்று நீ தட்டைத் தள்ளியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மசாலாக் கடைக்காரரோடு சண்டை போட்டேன், இருந்த மிளகாய்த்தூளையெல்லாம் கொட்டினேன், அவ்வளவுதான்.

நேற்று உன் டாக்டர் டீ குடிக்க வந்தார். "மலேரியா வந்தா ரத்தத்துல துத்தநாகம் குறைஞ்சுடும், மாஸ்டர். அதுல நாக்கு மரத்துப் போயிருக்கலாம். உங்க சமையல் மேல தப்பில்ல" என்றார். இரும்புச்சத்து டானிக் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "இப்ப வேணாம். கிருமி கையில சிக்கக் கூடாதுன்னு உடம்பே இரும்பை ஒளிச்சு வச்சிருக்கு. காய்ச்சல் முழுசா விடட்டும், நானே சொல்றேன்" என்றார். உன் உடம்புக்கு உன்னைவிடப் புத்தி இருக்கிறது.

உனக்கு நான் கொடுத்தனுப்பும் சாப்பாட்டு டப்பாவைத் தினமும் காலியாகக் கொண்டுவரும் நர்ஸ், "ரொம்ப நல்லா இருந்துச்சாம்" என்கிறார். எனக்குச் சந்தேகம் வந்தது. இன்று மதியச் சூப்பில் நான் உப்பே போடவில்லை. அதற்கும் ரொம்ப நல்லா இருந்ததாம்.

நாக்கு இன்னும் திரும்பவில்லையா, இல்லை எனக்காகப் பொய் சொன்னாயா? எதுவானாலும், மாலையில் அடுப்பை அணைத்துவிட்டு உப்போடு நானே வருகிறேன். பிடிக்காவிட்டால் தட்டைத் தள்ளு. அதைப் பார்க்கத்தான் வருகிறேன்.

இனிமேல் கோபித்துக்கொள்ளாத,
உன் சமையல்காரன்