அதில் ஒன்றுதான் என்னுடையது

காத்தான்குடி
2024 பெப்ரவரி 11

தம்பி ஜிப்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாமோடு தொடங்குவது வாப்பா வளர்த்த வளர்ப்பு. உன் மேல் இருக்கிற கோபத்துக்கு என் வாயில் வேறு ஏதோதான் வருகிறது.

நேற்றிலிருந்து நீ போன் கோல் எடுத்துக்கொண்டிருக்கிறாய். நான் பேசமாட்டேன். போனில் நீ "ராத்தா" என்று ஒரு இழுவை இழுப்பாய், நான் இளகிவிடுவேன், மறுநாள் நீ சொன்னதை நீயே சொல்லவில்லை என்பாய். எழுது. எழுத்து என்றால் அப்படியே கிடக்கும்.

ஓட்டமாவடி அம்னாவின் குழந்தையைப் பார்க்க மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நான் ஓட்டமாவடியில் மிட்வைஃபாக இருந்த காலத்தில் என் கையில் பிறந்தவள் அம்னா. இப்போது அவளுடைய பிள்ளைக்கு ஒரு மாதம். வயிற்றாலே போய்ப் போய், கண் குழி விழுந்து, தலையில் சேலைன் ஊசி குத்திக் கிடக்கிறது. என்னடி கொடுத்தாய் என்றேன். "தேன்ல வசம்பு உரைச்சுக் குடுத்தன் மிஸ்ஸி, காலையும் பின்னேரமும்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்ட்டு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்று சேவைக்காலம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினவள் நான். என் கையில் பிறந்த பெண்ணா இப்படி?

அவள் அழுதுகொண்டே தலையணைக்குக் கீழிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "நீங்கதானே மிஸ்ஸி எழுதியிருக்கீங்க? மாமியார் வேணாமெண்டுதான் சொன்னவ. மிஸ்ஸி எழுதினாப் பிழையா இருக்காதெண்டு நான்தான் சண்டை புடிச்சுக் குடுத்தன்."

'குழந்தை வளர்ப்புக் களஞ்சியம்.' ஆசிரியர்: டொக்டர் றிஸானா இப்றாஹிம். வெளியீடு உன் பதிப்பகம். பின்னட்டையில் என் படம். ஓய்வு பெற்ற அன்று எடுத்தது, பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டு என்னை மட்டும் போட்டிருக்கிறாய்.

நான் எப்போதடா டொக்டரானேன்?

வரும் வழியில் டவுனில் புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கதிரை எடுத்துப் போட்டு, ஒரு தட்டு முழுவதையும் காட்டினார். 'மோட்டார் சைக்கிள் திருத்துவோம்', 'இறால் பண்ணையில் இலாபம்', 'கனவுகளின் பலன்', 'முப்பது நாளில் சிங்களம்', 'கேக் வகைகள்', 'நேர்முகப் பரீட்சையில் வெற்றி', 'வீடு கட்டுமுன்'. எல்லாம் நான் எழுதியதாம்! நான் வந்து பார்த்ததை அவர்தான் உனக்குச் சொல்லியிருப்பார். சைக்கிளுக்குக் காற்றடிக்கவே எனக்கு ஆள் வேண்டும். சிங்களத்தில் எனக்கு "கொஹொமத" என்று சுகம் கேட்கிற வரைக்கும்தான் தெரியும்.

நான் எழுதியது ஒன்றே ஒன்று, 'தாய்மாருக்குச் சில வார்த்தைகள்'. கிளினிக்கில் சொன்னவற்றை எழுதித் தந்தேன், நீ அச்சடித்தாய். நல்ல காரியம் என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். மற்றதெல்லாம் என்ன? பதில் எழுது.

உன் ராத்தா
றிஸானா

*

கொழும்பு 12
2024 பெப்ரவரி 19

அன்பும் மதிப்புமுள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் சுகத்துக்கு எப்போதும் துஆச் செய்கிறேன். கடிதம் கிடைத்தது. அந்தப் பிள்ளையின் விஷயம் கேட்டு மனம் மிகவும் கவலைப்பட்டது. அல்லாஹ் சுகமாக்கி வைப்பான்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் றிஸ்லா முழுகாமல் இருக்கிறாள், நாலு மாதம், என் மகள் உம்மாவாகப் போகிறாள். ஏறாவூரில் மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். "மாமி பக்கத்தில இருந்தா எனக்குப் பயமில்ல" என்று உங்களைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உங்கள் மதினியும் ஸலாம் சொல்லச் சொன்னாள்.

புத்தக விஷயத்தை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்கிறீர்கள் ராத்தா. உங்கள் முதல் புத்தகம் ஓடிய ஓட்டம் உங்களுக்கே தெரியும். கடைக்காரர்கள் "அந்த மிஸ்ஸிட வேற புத்தகம் இல்லையா?" என்று கேட்டுக் கேட்டு என்னை விடவில்லை. வத்தகப்பழம் நல்லதாக விற்கிறவனிடம்தானே சனம் மாம்பழமும் கேட்கும்? வேறு பெயரில் போட்ட புத்தகங்கள் கட்டோடு கிடந்து கறையான் தின்றன. உங்கள் பெயரைப் போட்டேன், போயிற்று. இது எல்லாப் பதிப்பகத்திலும் நடக்கிறதுதான். எழுதுகிறவர்கள் சும்மா எழுதவில்லை, நம் பதிப்பகத்துப் பஹ்மி பல பழைய புத்தகங்களைப் பார்த்துத்தான் தொகுக்கிறான். தேன் விஷயம் ஏதோ பழைய வைத்தியப் புத்தகத்தில் இருந்து வந்திருக்கிறது.

ஒரு யோசனை. 'களஞ்சியம்' இரண்டாம் பதிப்புக்குப் போகிறது. நீங்களே ஒருமுறை வாசித்துப் பிழைகளைத் திருத்தித் தந்தால் நூல் இன்னும் சிறப்பாக வரும். பிரதியை இத்துடன் அனுப்புகிறேன்.

என்றும் அன்புத் தம்பி
ஜிப்ரி

*

காத்தான்குடி
2024 பெப்ரவரி 27

ஜிப்ரி,

கள்ளன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டு, மாட்டுக்காரனிடமே புல்லுக் கேட்கிறானாம். நீ அனுப்பிய பிரதி அடுப்படியில் இருக்கிறது. கிழித்துக் கிழித்து அடுப்பு மூட்டுகிறேன். நல்லாக எரிகிறது, அந்த ஒரு பிரயோசனம் அதில் உண்டு.

நேற்று வாகரையிலிருந்து ஒரு மனிதர் பஸ் மாறி மாறி வந்து என் கேற்றில் நின்றார். நல்லரத்தினம் என்று பெயர். "டொக்டர் அம்மா, நீங்க எழுதினபடிதான் குளத்துக்கு மருந்து போட்டன். இறாலெல்லாம் செத்து மிதக்குது. என்ன செய்ய?" என்றார். நான் என்னத்தைச் சொல்ல? ஐயா, அது நான் எழுதினதில்லை என்றேன். மனிதர் என் முகத்தைப் பார்த்தார், புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "சரி அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். ஒரு பிளேன்டீ கூடக் குடிக்கவில்லை. என்னைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு ஒருவர் என் வாசலால் இறங்கிப் போனது இதுதான் முதல் தடவை.

பழைய வைத்தியப் புத்தகமாம்! எந்தப் புத்தகத்தில் என்ன கிடந்தாலும், அதைக் குழந்தை வாயில் ஊற்றச் சொன்னது என் பெயர்தானே?

நான் கேட்பது இரண்டு. எல்லாப் புத்தகத்திலிருந்தும் என் பெயரை எடு. பத்திரிகையில் அறிவித்தல் போடு: 'தாய்மாருக்குச் சில வார்த்தைகள்' தவிர்ந்த எதையும் றிஸானா எழுதவில்லை, அவர் டொக்டரும் இல்லை என்று. நோன்பு வருமுன் இது நடக்க வேண்டும்.

றிஸ்லாவின் செய்தி கேட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவளிடம் சொல்லு, மாமி வருவாள்.

றிஸானா

*

கொழும்பு 12
2024 மார்ச் 9

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தம்பி என்றுகூட எழுதவில்லை. சரி. நானும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கள்ளன் என்கிறீர்கள். நான் அச்சடிக்காவிட்டால் ஓட்டமாவடிக்கு அந்தப் பக்கம் உங்களை யாருக்குத் தெரியும் ராத்தா? அந்தப் பெயரைப் பெயராக்கியவன் நான். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் புத்தளத்திலும் றிஸானா இப்றாஹிம் என்றால் சனம் எழுந்து நிற்கிறது. பெயரில் பாதி வாப்பாவுடையது. வாப்பா உங்களுக்கு மட்டுமா வாப்பா?

அறிவித்தல் போட முடியாது. போட்ட மறுநாள் நான் கடையை மூடவேண்டியதுதான். சரி, என்னை விடுங்கள். றிஸ்லாவை நினைத்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய புத்தகம் அத்தனையையும் ஏறாவூர் வீட்டு ஷோகேஸில் அடுக்கி வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் "எங்கட மாமி எழுதினது" என்று காட்டுகிறாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? பிள்ளைத்தாச்சிப் பெண்ணின் மனதை நோகடிக்கப் போகிறீர்களா?

ஆறுதலாக யோசியுங்கள். அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

ஜிப்ரி

*

காத்தான்குடி
2024 ஏப்ரல் 21

ஜிப்ரி,

நோன்பு முடியட்டும், கோபத்தோடு எழுதக்கூடாது என்று பேனையைத் தொடாமல் இருந்தேன். பெருநாளும் போய்விட்டது. கோபம் போகவில்லை.

உன் கையில் அச்சு மை படுமுன்னமே எனக்குப் பெயர் இருந்தது. வெள்ளத்தில் தோணியில் ஏறிப் பிரசவம் பார்க்கப் போனபோது வந்த பெயர் அது. கர்ஃபியூவில் சென்றிக் காவலரணில் நிறுத்தினவனிடம், "அங்க ஒரு பொம்புள நோவுல கிடக்கிறா, சுடுறதெண்டாச் சுடு" என்று சொல்லிவிட்டு நடந்தபோது வந்தது. நீ அதை ஆக்கவில்லை, எடுத்து விற்கிறாய்.

நீ போடமாட்டாய் என்று நானே கடை கடையாகப் போனேன். வாழைச்சேனை, கல்லடி, டவுன். இது என்னுடையதில்லை, விற்காதீர்கள் என்றேன். ஒருவர் சிரித்துக்கொண்டு, "மிஸ்ஸிக்கு எப்பவும் அடக்கம் கூட" என்றார். கல்லடிக் கடையில் நின்ற ஒரு பிள்ளை அதே புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டது. நான் சொல்லுவதை ஒருவரும் நம்புகிறார்களில்லை, ஆனால் நான் சொல்லாததை முழுக்க நம்புகிறார்கள். இந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாய்.

அம்னாவின் பிள்ளை பிழைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். நான் பார்க்கப் போனபோது அம்னா கதவைத் திறக்கவில்லை. உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

இனி எனக்கு எழுதாதே.

றிஸானா

*

கொழும்பு 12
2024 ஜூலை 14, காலை

என் அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுதாதே என்றீர்கள். இருந்தும் எழுதுகிறேன், என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போனை எடுக்காததால் பகல் பஸ்ஸில் கண்டக்டரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். இரவே உங்கள் கைக்கு வரும்.

றிஸ்லாவுக்கு முந்தாநாள் ஆண் பிள்ளை கிடைத்துவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம். இரண்டு கிழமை முந்திவிட்டது, பிள்ளை சின்னதாக இருக்கிறது. நாளைக்கு ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வருகிறார்கள்.

ராத்தா, அவள் தேன் போத்தல் வாங்கி வைத்திருக்கிறாள். வசம்பும் வாங்கி வைத்திருக்கிறாள். நான் போனில் வேண்டாம் மகள், கொடுக்காதே என்று எவ்வளவோ சொன்னேன். "உங்களுக்கென்ன வாப்பா தெரியும்? மாமிட புத்தகத்தில இருக்கு" என்கிறாள். ஆஸ்பத்திரியில் மிஸ்ஸிமார் சொன்னதற்கும், "எங்கட மாமி உங்களை விடப் பெரிய ஆள்" என்றாளாம். அம்னாவின் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்ததை நான் அவளுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? எனக்கு நித்திரை இல்லை ராத்தா.

நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். 'முன்பு தேன் கொடுக்கலாம் என்று எழுதினேன், இப்போது புதிய ஆராய்ச்சியில் கூடாது என்று தெரிய வந்திருக்கிறது' என்று. அடுத்த பதிப்பிலும் அப்படியே போட்டுவிடுகிறேன். பெயரும் கெடாது, பிள்ளையும் தப்பும். என் பேரப்பிள்ளை, உங்களுக்கும் பேரன்தானே. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்பி
ஜிப்ரி

*

ஏறாவூர், றிஸ்லா வீடு
2024 ஜூலை 15, பின்னேரம்

ஜிப்ரி,

இன்றும் பொய்தான் கேட்கிறாய்! உன் பேரன் வாயில் விழப்போகிற தேனை நிறுத்தவும் என் பெயரில் இன்னொரு பொய் வேண்டுமாம் உனக்கு. நீ பக்கத்தில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன், உனக்கு ஐம்பது வயதென்றும் பார்த்திருக்கமாட்டேன்.

வரி எழுதிக் கொடுக்கவில்லை. ஸுபஹு தொழுத கையோடு முதல் பஸ்ஸில் நானே வந்துவிட்டேன். அவர்கள் ஆஸ்பத்திரியால் வரும்போது நான் வாசலில் நின்றேன். பிள்ளையை என் கையில்தான் முதலில் தந்தாள். உன் மூக்கு அப்படியே இருக்கிறது, பாவம்.

பால் சுரக்கவில்லை என்று அழுதாள். பக்கத்தில் இருந்து பிள்ளையைப் பிடிக்கும் விதம் காட்டிக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தூங்குகிறான். தேன் போத்தலை எடுத்து வெளியே வைத்தேன். றிஸ்லா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஏன் மாமி? நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"நான் எழுதல்ல மகள்."

அவள் எழும்பிப் போய் ஷோகேஸைத் திறந்து புத்தகங்களை மடி நிறைய அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டாள். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு! ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். இது? நானில்லை. இது? நானில்லை. மாப்பிள்ளையின் உம்மாவும் கதவடியில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தா. கடைசியில் அந்தக் குவியலுக்கு அடியில் கிடந்த மெல்லிய புத்தகத்தை நானே எடுத்து அவள் கையில் வைத்தேன். "இதெல்லாத்திலயும் இது ஒண்டுதான் மகள் என்னுடையது. தேனைப் பத்தி இதில என்ன இருக்கெண்டு வாசிச்சுப் பாரு" என்றேன். வாசித்தாள். அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்துக்காகத்தானே அறிவித்தல் போடமாட்டேன் என்றாய்?

"அப்ப மத்ததெல்லாம் ஆரு மாமி எழுதின?"

நான் சொல்லவில்லை. சொல்ல வாய்வரைக்கும் வந்தது. "ஒன்ட வாப்பாட்டக் கேளு" என்றேன். உடனே போனைத் தூக்கினாள். நான்தான் கையைப் பிடித்தேன். இப்போ வேண்டாம், நாளைக்குக் காலையில் கேளு என்றேன். சரி என்று போனைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தை இன்றிரவு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். விடியும்போது உன் கையில் இருக்கும். அவளுக்கு என்ன சொல்லுவது என்று யோசித்துக்கொள்ள உனக்கு ஒரு சின்ன நேரம் தந்திருக்கிறேன். நாம் ஒரே உம்மாவின் வயிற்றில் கிடந்ததற்கு நான் செய்யும் கடைசிக் காரியம் அது.

எல்லாப் பதிப்பகத்திலும் நடக்கிறதுதான் என்று எனக்கு எழுதினாயே, அதை அவளிடம் சொல்லு. வத்தகப்பழக் கதையையும் சொல்லு. அம்னாவின் பிள்ளை கிடந்த வார்ட்டையும் சொல்லு. சொல்ல முடிகிறதா என்று பார்.

காலையில் போன் அடிக்கும். நான் உன் போனை எடுக்கவில்லை. நீ அவளுடையதை எடு.

றிஸானா
மிட்வைஃப், ஓய்வு